போனிலிருந்து கல்லாவுக்கு… நடுவிலே நடப்பது என்ன?

இப்போதெல்லாம் ஐந்து ரூபாய்க்குக் கொத்துமல்லித் தழை வாங்கினாலும் "ஜிபே இருக்குங்களா?" என்றுதான் கேட்கிறோம். எங்கள் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடையானாலும் சரி, பூக்கடையானாலும் சரி, ஆயக்குடிக் கொய்யாவைக் கூடையில் வைத்து விற்கும் பாட்டியானாலும் சரி, பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கட்டம் போட்ட அட்டை இருக்கிறது. பர்ஸை எடுக்க மறந்தாலும் போனை எடுக்க மறப்பதில்லை நாம்.

போனைக் காட்டினோம், ரகசிய எண்ணை அழுத்தினோம், 'டிங்' என்றது, பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எல்லாம் ஒழுங்காக நடக்கிறவரை அதற்குமேல் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டால்தான் வயிற்றைக் கலக்குகிறது. நம் கணக்கில் பணம் குறைந்துவிட்டது, கடைக்காரருக்கு வந்து சேரவில்லை. அப்படியானால் யார் பொய் சொல்கிறார்கள்? யாருமே பொய் சொல்லவில்லை. அதைப் புரிந்துகொண்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

மூன்று நாள் எங்கே இருந்தது?

என் தம்பி மனைவிக்குக் கைக்குழந்தை. ஒருநாள் ராத்திரி ஒன்பதரை மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை வாங்க மருந்துக் கடைக்குப் போனாள். பில் 380 ரூபாய். போனில் பணம் போட்டாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் 380 ரூபாய் எடுத்தாகிவிட்டது என்று வங்கியிலிருந்து மெசேஜும் வந்துவிட்டது. ஆனால் கடையில் இருந்த ஒலிப்பெட்டி வாயைத் திறக்கவில்லை.

"எனக்கு இன்னும் வரலீங்கம்மா…"

"எனக்கு மெசேஜ் வந்துருச்சுங்களே, பாருங்க!"

"அது சரிங்க, எனக்கு வரணுமில்லீங்களா? இன்னொரு தடவை போட்டுப் பாருங்க."

மாதக் கடைசி. கணக்கில் இன்னொரு 380 இல்லை. இடுப்பில் குழந்தை அழுகிறது, பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். அந்தக் கடைக்காரர் நல்ல மனுஷர். நோட்டில் பெயரை எழுதிக்கொண்டு மருந்தைக் கொடுத்தனுப்பினார். மூன்றாம் நாள் அந்தப் பணம் தானாகவே அவள் கணக்குக்குத் திரும்பி வந்தது. அன்று சாயந்திரமே கடைக்குப் போய்க் கொடுத்துவிட்டாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "அது சரி அண்ணி, மூணு நாளும் அந்தப் பணம் எங்கே இருந்துச்சு?"

நியாயமான கேள்விதானே! எனக்குப் பதில் தெரியவில்லை. கோயம்புத்தூரில் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகள் லீவுக்கு வந்திருந்தபோது பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். "அத்தை, முதல்ல ஒண்ணைப் புரிஞ்சுக்கோங்க. உங்க போன்லேருந்து பணம் போறதில்லை. சேதிதான் போகுது" என்று ஆரம்பித்தாள். அவள் சொன்னதை நமக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன்.

போனுக்குள் பணம் இல்லை

பர்ஸில் இருப்பதுபோலப் போனுக்குள் பணம் இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறோம். முன்பு வந்த 'வாலட்' வகையில் அப்படிச் சொல்லலாம். முன்கூட்டியே ஒரு தொகையைப் போட்டு வைத்து, அதிலிருந்து செலவழிப்போம். இப்போது கடையில் நாம் செய்வது பெரும்பாலும் யு.பி.ஐ. முறை. இதில் பணம் கடைசிவரை வங்கிக் கணக்கில்தான் இருக்கிறது. 'இவருக்கு இவ்வளவு கொடுங்கள்' என்று ஒரு வேண்டுகோளைத்தான் போன் அனுப்புகிறது.

இந்த முறையை 2016 ஏப்ரல் 11 அன்று, அப்போது ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்த ரகுராம் ராஜன் தொடங்கி வைத்தார். இதை நடத்துவது மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம். 'என்.பி.சி.ஐ.' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் சேர்ந்து 2008-ல் ஏற்படுத்திய அமைப்பு இது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் நடந்த யு.பி.ஐ. பரிவர்த்தனைகள் முதல் தடவையாக 2,000 கோடியைத் தாண்டின. நம் கொத்துமல்லித் தழையும் அதில் சேர்த்திதான்!

நடுவிலே ஒரு தரகர்

கல்யாணத் தரகரை நினைத்துக்கொள்ளுங்கள். பெண் வீட்டாருக்கு மாப்பிள்ளை வீட்டாரைத் தெரியாது, அவர்களுக்கும் இவர்களைத் தெரியாது. இருவரையும் தெரிந்தவர் தரகர் ஒருவர்தான். இங்கே சொல்லி, அங்கே கேட்டு, மறுபடி இங்கே வந்து முடித்து வைப்பார். நகையும் பணமும் அவர் கைக்கு வராது. பேச்சு மட்டும்தான் அவர் வழியாகப் போகும். யு.பி.ஐ.யில் அந்த இடத்தில் இருப்பதுதான் என்.பி.சி.ஐ.யின் கம்ப்யூட்டர். நாம் கடையில் நிற்கிற அந்தச் சில நொடிக்குள் அது ஓடுகிற ஓட்டத்தைப் பாருங்கள்.

முதலில் அந்தக் கட்டம் போட்ட அட்டை. 'க்யூஆர்' என்கிற இந்தக் கட்டத்தை 1994-ல் ஜப்பானில் டென்சோ வேவ் என்ற நிறுவனத்தார் கார் உதிரிபாகங்களை அடையாளம் காணக் கண்டுபிடித்தார்களாம். கடை அட்டையில் இருக்கும் கட்டத்துக்குள் கடையின் யு.பி.ஐ. முகவரியும் பெயரும் எழுதியிருக்கிறது. தொகை இருக்காது, அதை நாம்தான் போட வேண்டும். பெரிய கடைகளில் பில் போட்டவுடன் மெஷின் திரையில் புதிதாக ஒரு கட்டம் வருகிறதல்லவா? அதில் தொகையும் சேர்ந்தே இருக்கும்.

நம் போன் அந்த முகவரியைப் படித்துக்கொள்கிறது. நாம் ரகசிய எண்ணைப் போடுகிறோம். அந்த எண்ணைப் போனுக்குள்ளேயே யாரும் படிக்க முடியாத சங்கேதமாக மாற்றிவிடுகிறார்கள். ஆப் நடத்தும் கம்பெனிக்கே அது தெரியாது. சரியா, தப்பா என்று பார்ப்பது நம் வங்கிதான்.

அந்த வேண்டுகோள், ஆப்புக்குப் பின்னால் இருக்கும் ஒரு வங்கி வழியாகத் தரகரிடம் போகிறது. பிறகு நடக்கிற பேச்சு ஏறக்குறைய இப்படி:

தரகர் கடைப் பக்கத்து ஆப்பின் வங்கியிடம்: "இந்த முகவரி உங்கள் ஆளுடையதா? கணக்கு எந்த வங்கியில் இருக்கிறது?"

பதில் வந்ததும் நம் வங்கியிடம்: "உங்கள் கணக்குக்காரர் 380 ரூபாய் கொடுக்கச் சொல்கிறார். ரகசிய எண் சரியா? இருப்பு இருக்கிறதா? இருந்தால் பற்று எழுதுங்கள்."

நம் வங்கி "எழுதியாயிற்று" என்றதும் கடைக்காரரின் வங்கியிடம்: "இந்தக் கணக்கில் 380 வரவு வையுங்கள்."

அங்கிருந்தும் "வைத்தாயிற்று" என்று பதில் வந்தபின், இரண்டு பக்கத்துக்கும்: "முடிந்தது!"

நம் போனில் பச்சை நிறத்தில் டிக் விழுவது அப்போதுதான். இத்தனை பேச்சும், நாம் காய்கறிப் பையின் வாயைக் கட்டுவதற்குள் முடிந்துவிடுகிறது.

அப்படியானால் நிஜப் பணம்? வங்கிகள் ஒவ்வொரு 380-க்கும் தனித்தனியாகப் பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. பக்கத்து வீட்டுக்கு நாம் இரண்டு டம்ளர் சர்க்கரை கொடுத்து, அவர்களிடம் மூன்று டம்ளர் வாங்கியிருந்தால் கடைசியில் ஒரு டம்ளர் திருப்பிக் கொடுத்துக் கணக்கைத் தீர்ப்போமே, அதுபோல ஒரு நாளைக்குப் பல தடவை கழித்துப் பார்த்து, மீதியை மட்டும் ரிசர்வ் வங்கியில் உள்ள கணக்குகள் மூலம் தீர்த்துக்கொள்கிறார்கள்.

ஆப் என்பது வாசல்தான்

2024 ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கிக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது எத்தனை பேர் பதறினோம்! "பேடிஎம் நின்னு போச்சாமே, நம்ம பணம் போச்சா?" என்று கேட்காதவர் இல்லை. நின்றது அந்தப் பேமெண்ட்ஸ் வங்கியின் சேவைகள். அந்த ஆப், அதே ஆண்டு மார்ச்சில் ஆக்ஸிஸ், எச்.டி.எஃப்.சி., ஸ்டேட் பாங்க், யெஸ் பாங்க் ஆகிய நான்கு வங்கிகளின் துணையோடு யு.பி.ஐ. சேவையைத் தொடர அனுமதி பெற்றது. வாசல் அதேதான், பின்னால் இருக்கும் வங்கிகள்தான் மாறின. கூகுள் பே, போன்பே எல்லாவற்றுக்கும் இப்படித்தான் பின்னால் வங்கிகள் நிற்கின்றன. நம் பணம் ஆப்பில் இல்லை, நம் வங்கியில் இருக்கிறது. போனிலிருந்து ஆப்பை எடுத்துவிட்டால் பணம் போய்விடுமோ என்று பயப்படவும் வேண்டாம்.

எங்கே மாட்டுகிறது?

மேலே சொன்ன பேச்சில் எந்த இடத்தில் தடங்கல் என்பதைப் பொறுத்து நம் தலைவலியும் மாறும்.

வேண்டுகோள் நம் போனை விட்டே கிளம்பாமல் இருக்கலாம். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் எங்கள் ஊரில் லட்சக்கணக்கான ஜனம் கூடும்போது, டவர் திணறி இப்படி ஆவதுண்டு. ரகசிய எண் தப்பு, இருப்பு போதாது என்றால் நம் வங்கியிலேயே நின்றுவிடும். இவற்றில் பணம் எடுபடாது. தைரியமாக மறுபடி முயற்சி செய்யலாம்.

தொல்லை தருவது அடுத்த கட்டம். நம் வங்கி பற்று எழுதிவிட்டது. அங்கே வரவு வைத்த சேதி குறித்த நேரத்துக்குள் தரகருக்கு வரவில்லை. வைத்தார்களா, வைக்கவில்லையா என்று அந்த நிமிஷத்தில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் திரையில் 'தோல்வி' என்று வராமல் 'நிலுவையில்' என்று வருகிறது. என் தம்பி மனைவிக்கு நடந்தது இதுதான். மெசேஜ் அனுப்பிய வங்கியும் சொன்னது நிஜம், வரவில்லை என்ற கடைக்காரரும் சொன்னது நிஜம்.

மூன்று நாள் பணம் எங்கே இருந்தது? எங்கும் தொலைந்து போகவில்லை. இரண்டு வங்கிகளின் ஏட்டுக்கும் நடுவே, முடிவு தெரியாத கணக்காக நின்றது. பிறகு ஏடுகளை ஒத்துப் பார்க்கும்போது, கடைக்குப் போய்ச் சேரவில்லை என்று தெரிந்ததும் திருப்பிப் போட்டுவிட்டார்கள்.

சட்டம் நம் பக்கம்

இது யாரோ தயவு பண்ணித் திருப்பித் தருவதில்லை, சகோதரிகளே. 2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இருக்கிறது. கடைக்குச் செலுத்திய பணம் நம் கணக்கில் குறைந்து, கடைக்கு உறுதியாகவில்லை என்றால், அந்த நாளை விட்டுவிட்டு ஐந்து நாளுக்குள் தானாகவே திருப்பி வைக்க வேண்டும். நாம் புகார் கொடுக்க வேண்டும் என்றுகூட இல்லை. அதற்குமேல் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு.

கடை அல்லாமல் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய பணம் இப்படி மாட்டினால் கெடு மறுநாள்தான். அதைத் தாண்டினால் இதற்கும் நாளுக்கு 100 ரூபாய்.

ஐந்து நாள் தாண்டியும் வரவில்லையா? முதலில் ஆப்பிலேயே அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகார் கொடுங்கள். அப்புறம் உங்கள் வங்கிக்குப் போங்கள். அதில் இருக்கும் பன்னிரண்டு இலக்க எண் முக்கியம். 'யு.டி.ஆர். நம்பர்' என்று கேட்பார்கள். கூரியர் ரசீது நம்பர் மாதிரி, அதை வைத்துத்தான் தேடுவார்கள். வங்கியும் 30 நாளுக்குள் பதில் சொல்லவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் உண்டு.

ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். நாமே வேறு யாருக்கோ அனுப்பிவிட்ட பணத்துக்கு இந்தக் கெடு பொருந்தாது. பணம் போட்டு முடிக்குமுன் யாருக்குப் போகிறது என்று திரையில் பெயர் தெரியும். அதை ஒரு தரம் வாய்விட்டுப் படித்து, "இந்தப் பேர்தானுங்களே?" என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். அட்டையின் மேல் வேறு யாராவது தன் அட்டையை ஒட்டிவிட்டுப் போயிருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும்.

இட்லிப் பானையைத் திறக்காதீர்கள்

2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுக்க யு.பி.ஐ. சில மணி நேரம் தடுமாறியது. என்ன காரணம் என்று பார்த்தார்கள். 'அந்தப் பணம் என்னாச்சு, முடிந்ததா?' என்று வங்கிகளின் கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளின் பாரம்தானாம்! இட்லிப் பானையை நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்து பார்த்தால் ஆவி போய் இட்லி வேகாதே, அந்தக் கதைதான். இதனால் 2025 ஆகஸ்ட் முதல் ஒரு ஆப்பில் ஒரு நாளைக்கு 50 தடவைக்குமேல் இருப்புப் பார்க்க முடியாது என்றும், நிலுவையில் இருக்கும் பணத்தைப் பற்றி 90 நொடி இடைவெளி விட்டு மூன்று முறைதான் விசாரிக்கலாம் என்றும் கட்டுப்பாடு கொண்டு வந்தார்கள்.

ஆகவே 'நிலுவையில்' என்று வந்தால் இரண்டு நிமிஷம் பொறுங்கள். பதற்றத்தில் அதே தொகையை மூன்று தடவை போட்டுவிடாதீர்கள். மூன்றும் பிறகு போய்ச் சேர்ந்துவிட்டால் கடைக்காரரிடம் திருப்பிக் கேட்டு வாங்குவது நம் பாடு.

வீட்டிலிருந்தே வியாபாரம் செய்பவர்களுக்கு

இட்லி மாவு, பூ, ஊறுகாய், தையல் என்று வீட்டிலிருந்தே நாலு காசு சம்பாதிக்கும் சகோதரிகள் நம்மில் நிறையப் பேர். உங்களுக்கு ஒரு வார்த்தை. வாங்க வந்தவர் போனில் காட்டும் பச்சை டிக்கைப் பார்த்துப் பொருளைக் கொடுத்துவிடாதீர்கள். அதேபோலப் படம் செய்து காட்டி ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள். ஒலிப்பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. அது பேசுவது வாடிக்கையாளர் போனைப் பார்த்து அல்ல. நம் பக்கத்து ஆப்பிடம் 'வரவு வந்தது' என்ற சேதி கிடைத்தபிறகுதான் தமிழில் தொகையைச் சொல்கிறது. பெட்டி இல்லாதவர்கள் தங்கள் போனில் தங்கள் கணக்கைப் பாருங்கள்.

இன்னொன்று. பணம் கொடுக்கத்தான் ரகசிய எண் வேண்டும். பணம் வாங்க வேண்டவே வேண்டாம். "உங்களுக்குப் பணம் அனுப்பியிருக்கேன், பின் நம்பர் போட்டா வந்துரும்" என்று யார் சொன்னாலும் அது மோசடி. அப்படி ஏதும் நடந்து பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

சில்லறைச் செலவுக்குச் சின்னப் பை

பால், தழை, பஸ் ஸ்டாண்டில் ஒரு காபி என்று சின்னச் சின்னச் செலவுக்கு 'யு.பி.ஐ. லைட்' என்று ஒன்று இருக்கிறது. இதில் அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டு, ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை ரகசிய எண் இல்லாமலே கொடுக்கலாம். ஒவ்வொரு தடவையும் நம் வங்கியிடம் கேட்டு வர வேண்டியதில்லை என்பதால் மாட்டிக்கொள்வதும் குறைவு. பாஸ் புத்தகத்தில் பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று பக்கம் பக்கமாக நிறையாமல், பையில் போட்ட தொகை மட்டும் ஒரே வரியாக வரும். ஆனால் எதற்குச் செலவானது என்பது பாஸ் புத்தகத்தில் தெரியாது. வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்கள் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எண் கேட்காது என்பதால் போனுக்குப் பூட்டு போட்டு வைப்பதும் அவசியம்.

மறக்காமல் செய்ய வேண்டியவை

• முந்தானையிலோ பர்ஸிலோ ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு எப்போதும் இருக்கட்டும். கைக்குழந்தைக்காரர்கள் மருந்துக்கென்றே தனியாக மடித்து வையுங்கள். எங்கள் மலைக்கோயிலுக்கு வருகிறவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். 2023 அக்டோபர் 1 முதல் கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை. உண்டியலில் போட நோட்டும் சில்லறையும் கையில் வேண்டும்.

• பெரிய தொகை என்றால் பொருளைக் கட்டச் சொல்லுமுன்பே பணம் போட்டுப் பாருங்கள்.

• மாட்டிக்கொண்டால் தேதி, தொகை, கடை, பன்னிரண்டு இலக்க எண் இந்த நான்கையும் நோட்டில் எழுதுங்கள். ஐந்தாம் நாளைக் காலண்டரில் வட்டம் போடுங்கள்.

• கடைக்காரரிடம் சண்டை வேண்டாம். அவர் கைக்கு வராத பணத்தை அவரால் திருப்பித் தர முடியாது. திரும்பி வந்த பணத்தை முதல் வேலையாக அவருக்குக் கொடுத்துவிடுங்கள். நாணயம் காப்பாற்றினால் அடுத்த தடவையும் நோட்டில் எழுதிக்கொண்டு மருந்து கொடுப்பார்.

• வீட்டில் பெரியவர்கள் போனில் பணம் போடுகிறார்கள் என்றால், 'நிலுவை' என்றால் என்ன என்று அவர்களுக்கும் சொல்லி வையுங்கள். நம்மைவிட அவர்கள்தான் அதிகம் பதறுகிறார்கள்.

சிலிண்டர் எப்படி மாட்டுவது, குக்கர் ஏன் விசில் அடிக்கிறது என்று எல்லாம் கற்றுக்கொண்டவர்கள்தானே நாம்? இதையும் கற்றுக்கொள்ள முடியாதா என்ன! உழைத்த காசு எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்தால், அது வழியில் நின்றாலும் கூப்பிட்டுக் கேட்கத் தைரியம் வரும்.